அப்துல் ஸமடின் இடது கை

முஸ்பிறாவுக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் மனம் ஆறும். அபாயா தைக்கிறவள் அளக்காமல் வேறென்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சாய்ந்தமருதில் தையல் மெசின் வைத்திருக்கிற மற்றப் பெண்கள் ஆட்களை அளப்பதோடு விட்டுவிடுகிறார்கள். இவள் மழை பெய்தால் முற்றத்து வாளிக்குள் அளவுநாடாவை விடுவாள். பூனை குட்டி போட்டால் ஒவ்வொரு குட்டியின் வாலையும் அளப்பாள். அளந்து முடிந்ததும் ‘ஏன் இப்படி?’ என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே நாற்பத்திரண்டு வயதில் தனக்குத் தலை நரைத்துவிட்டது என்று அவள் புருசன் ஸாஜித் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

போன ஜனவரியில் அவள் அளந்தது ஒரு கையை. அவள் ராத்தா என்று கூப்பிடுகிற அக்காவின் புருசன் அப்துல் ஸமடின் இடது கை.

ராத்தா ஹாஜறாவின் வீடும் முஸ்பிறாவின் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடித்து வைக்கிற ஊர் இது. வாப்பா ஒரு வளவை இரண்டாக்கி இரண்டு பெண்களுக்கும் கட்டிக் கொடுத்தார். நடு மதிலில் ஒரு கதவு உண்டு. கறி, பிள்ளைகள், சண்டை எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வரும்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவது என்று அக்காவும் தங்கையும் மனதில் நிய்யத்து வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வருடம்தான் கைகூடி வந்தது. புருசன்மாரும் சேர்ந்து நாலு பேர், பெப்ரவரி முதல் கிழமை பயணம். இடைஞ்சலாக நின்றது ஹாஜறாவின் நெஞ்சு. அவளுக்கு இழுப்பு. முந்தின வருடம் ஊருக்குள் சளிக்காய்ச்சல் சுற்றித் திரிந்தபோது எல்லாரும் மூன்று நாள் படுத்து எழும்பினார்கள். ஹாஜறா மட்டும் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தாள்.

அதனால் நெஞ்சுக்கு மருந்து எழுதுகிற டொக்டர் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு சனத்துக்குள் போகிறவர் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் போகக் கூடாது, போடாவிட்டால் போகலாம் என்று துண்டு எழுதித் தரமாட்டேன் என்று. டொக்டரின் துண்டு இல்லாமல் கூட்டிப் போகமாட்டேன் என்று பயணக் குழுவை நடத்துகிற மௌலவியும் சொல்லிவிட்டார்.

ஹாஜறா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“நீங்க மூணு பேரும் முதல்ல போடுங்க. என்ன நடக்குது எண்டு பாப்பம். ஒண்டும் நடக்காட்டி வியாழக்கிழம நான் போடுறன்” என்றாள்.

முஸ்பிறாவுக்கு இது பிடித்துப்போயிற்று. மூன்று பேர், மூன்று உடம்பு, ஒரே ஊசி. யாருக்கு என்ன வரும் என்று பார்க்கலாம். அதற்கு மேலே ஒன்று இருந்தது. ராத்தா வராவிட்டால் அவளும் போகப்போவதில்லை. அதை ஸாஜிதிடம் சொல்லியும் விட்டாள். ராத்தாவை இங்கே விட்டுவிட்டுத் தனியாகக் கஃபாவின் முன்னால் நின்றால், நின்ற மாதிரியே தனக்கு இருக்காது என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கல்முனையில் ஒரு கிளினிக்கில் மூன்று பேரும் போட்டார்கள். போட்டது தாதி வசந்தினி மிஸ். பெரியநீலாவணையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவர்.

“கை நோகும். சில ஆக்களுக்கு மேலெல்லாம் நொந்து உளையும், காய்ச்சல் குணம் வரும். ரெண்டு நாள்ல போயிரும். தேய்க்காதீங்க, ஒண்டும் பூசாதீங்க” என்று மிஸ் சொன்னார்.

முஸ்பிறா தன் வாடிக்கையாளர்களின் தோள், நெஞ்சு, நீளம் எழுதுகிற கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திறந்து மூன்று பெயரையும் எழுதினாள். பத்தரை மணி. முஸ்பிறா: கொஞ்சம் நோ. ஸாஜித்: ஒன்றுமில்லை. மச்சான்: ஒன்றுமில்லை, சிரிக்கிறார்.

அப்துல் ஸமட் சிரிக்கக்கூடிய ஆள்தான். ஐம்பத்தாறு வயது. சம்மாந்துறைப் பக்கம் ஆறு ஏக்கர் வயல் செய்கிறார், யானை வந்தால் வெடி போட்டு விரட்டுகிறவர். “யானவெடி கொளுத்துற கை இது. இந்தச் சின்ன ஊசிக்கு இதுக்கு என்ன தெரியப் போகுது?” என்று ஓட்டோக்காரருக்கும் கையை மடக்கிக் காட்டினார்.

அன்று பின்னேரமே பயணம் சொல்லவும் கிளம்பினார்கள். புனிதப் பயணம் போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய், போகிறோம் என்று சொல்லி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது வழக்கம். கேட்பது ஐந்து நிமிட வேலை. மிச்ச நேரம் முழுக்கத் தின்பதுதான். வயல் குடலையில், கதிர் வரும் பருவத்தில், நிற்பதால் அப்துல் ஸமடுக்கு வேறு நாள் தோதில்லை. ஆகவே ஒரே பின்னேரத்தில் ஏழு வீடு. வட்டலப்பம், இறால் ரொட்டி, மறுபடியும் வட்டலப்பம். ஆண்கள் முன் மண்டபத்தில், பெண்கள் உள்ளே.

மூன்றாவது வீட்டில் ஸாஜிதுக்கு நடுக்கம் பிடித்தது. நாலாவது வீட்டில் அவர்கள் கொடுத்த போர்வையைப் போர்த்துக்கொண்டு மூலையில் இருந்தான். அப்துல் ஸமட் அவனை விட்டுவைக்கவில்லை. “தம்பிக்குப் புள்ளப்பேறு போல” என்று சொல்லி மண்டபம் முழுக்கச் சிரிக்க வைத்தார். முஸ்பிறா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆறு பத்து, ஸாஜித், குளிர், என்று எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பனடோல் இரண்டு போட்டதும் அவன் தூங்கிவிட்டான். விடியும்போது காய்ச்சல் இல்லை, பசி இருந்தது.

செவ்வாய் காலை முஸ்பிறா கொப்பியோடு மதில் கதவைத் திறக்கப்போக, மறுபக்கத்திலிருந்து ஹாஜறா திறந்தாள்.

“வந்து உன்ட மச்சான்ட கையப் பாரு” என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் முஸ்பிறாவுக்குப் பயமாக இருந்தது.

அப்துல் ஸமட் கதிரையில் சேட்டு இல்லாமல் இருந்தார். இடது மேற்கை சிவந்து தடித்துப் போயிருந்தது. சிவப்பின் மேல் சோளப்பொரி அளவில் கொப்புளங்கள், தண்ணீர் கோர்த்தபடி. அவர் முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

“ஊசி செஞ்ச வேல” என்றார்.

“எனக்கு இது வேணா புள்ள” என்றாள் ஹாஜறா. “நல்ல உடம்புக்கே இப்பிடியெண்டா என்ட உடம்புக்கு என்ன வரும்? நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிட்டு இரிக்கன்.”

முஸ்பிறாவுக்கு அழுகை வந்தது. ஒன்பது வருடம். அழுதுகொண்டேதான் கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்தாள். அவள் கை அப்படிப் பழகிய கை.

“அசையாதீங்க மச்சான்.”

சிவப்பின் நீளம் நாலரை அங்குலம். அகலம் இரண்டே முக்கால். மேலே அகன்று, கீழே ஒடுங்கிக் கூராக முடிந்தது. ஓரம் வெட்டித் தைத்த துணி போல ஒழுங்காக இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கிட்டக் குனிந்தாள். ஊசி குத்திய புள்ளியைத் தேடினாள். அது சிவப்புக்குள் இல்லை. சிவப்புக்கு மேலே ஒன்றரை அங்குலம் தள்ளி, தனக்கும் இந்த ஆர்ப்பாட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி, வீக்கமில்லாமல் சுகமாக இருந்தது.

அழுகை நின்றுவிட்டது.

“ஏன் மச்சான், ஊசி ஒரு இடம், கொப்புளம் ஒரு இடம்?”

“அது உள்ளால இறங்கி வந்திரிக்கும்.”

“கைக்கு என்னத்தையும் பூசினீங்களா?”

“நான் என்னத்தப் பூசுற? எனக்குத்தான் நோகவே இல்லையே!” என்று சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கிளினிக்குக்குப் போய்க் காட்டுவோம் என்றதற்கும் மாட்டேன் என்றார்.

புதன்கிழமை முழுக்க முஸ்பிறா மெசினில் இருக்கவில்லை. பயணம் சொன்ன வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தாள். மச்சானின் கையில் யாரும் எதையும் போட்டீர்களா என்றுதான் கேட்டாள். ஆனால் கேட்காததற்கும் பதில் வந்தது. ஒரு வீட்டில் அது கண்ணூறு என்றார்கள். இன்னொரு வீட்டில் இறாலும் ஊசியும் ஒத்துவராது என்றார்கள். ஒருவர், தன் கொழும்பு மருமகனுக்கு ஊசி போட்டுக் கண் சிவந்த கதையை இருபத்தைந்து நிமிடம் சொன்னார். முஸ்பிறா எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணூறு என்றால் நாலு பேரையும்தானே பார்த்தார்கள்? இறாலை அவளும்தானே மூன்று வீட்டில் தின்றாள்? பின்னே ஏன் ஒரு கையில் மட்டும், அதுவும் கூர் வைத்து?

போனுக்குப் பதில் வராத வீடு ஒன்றே ஒன்று. அப்துல் ஸமடின் தங்கச்சி சுபைறாவின் வீடு. அன்று முதல் போன வீடும் அதுதான். முஸ்பிறா ஓட்டோ பிடித்தாள்.

வேலியோரம் எருக்கலம் செடி ஒன்று நின்றது. கொப்பு ஒன்று முறிந்து, பால் வடிந்து காய்ந்திருந்தது. இலையைப் பார்த்ததும் அவளுக்கு நாடாவை எடுக்கவே தேவைப்படவில்லை. ஆனாலும் எடுத்தாள். நீளம் நாலே முக்கால்.

சுபைறாவுக்கு மறைக்க ஒன்றுமில்லை. “ஓம் மச்சி, நாந்தான் கட்டின. என்ட காக்கா, அதான் உங்கட மச்சான், பின்பக்கம் வந்து, கை விண் விண்ணெண்டு வலிக்குது, ராத்தாட்டச் சொல்லிராத எண்டாரு. புள்ள மாதிரி முனகினாரு. எருக்கலம் இலய வாட்டிக் கட்டினா நோ இழுத்திரும்தானே?”

“நல்லா வாட்டினீங்களா?”

சுபைறா தயங்கினாள். “நீங்க அடுத்த வீட்டுக்கு அவசரப்பட்டீங்களே. நெருப்பில ஒருக்காக் காட்டினன். பால் வடிஞ்சிச்சுத்தான்.”

பச்சைப் பால் தோலில் பட்டாலே எரியும். அதை அப்படியே கட்டி, மேலே நீளக் கை சேட்டையும் போட்டுக்கொண்டு மனுசன் மிச்ச ஆறு வீட்டுக்கும் போயிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் கட்டிப் பிடித்து, கை கொடுத்து முஸாபஹா செய்து, அந்தக் கையை அமுக்கியிருக்கிறார்கள். கழற்றி எறிய இடமில்லை. போர்வைக்குள் கிடந்தவனைப் பார்த்துச் சிரித்த வாயால் தன் கை எரிகிறது என்று சொல்லவும் முடியவில்லை. முஸ்பிறாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. ஓட்டோவில் தனியாக இருந்து சிரித்தாள்.

ஆனால் அவள் அரைகுறை ஆதாரத்தோடு போகிறவள் அல்ல. வரும்போது ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வந்தாள். பெருவிரல் நகம் அளவு துண்டு வெட்டி, பாலோடு தன் வலது கையில் கட்டினாள். ஊசி போட்டது இடது கையில். ஸாஜித் பார்த்துவிட்டு, “உனக்கு மண்ட சரியா?” என்றான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவிழ்த்தாள். பொழுதுபட்டு மஃரிபுக்கு முன்னமே நகம் அளவு சிவப்பு, சொறியச் சொல்லி நல்ல கடி.

மதில் கதவால் ஓடினாள். ஹாஜறா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, இதப் பாருங்க. இந்தக் கையில ஊசியே இல்ல. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மச்சான் எருக்கலம் இல கட்டியிரிக்காரு!”

ஹாஜறா துருவுவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும் புள்ள.”

“என்ன?”

“திங்கக்கிழமையே தெரியும். வீட்ட வந்து சேட்டக் கழட்டக்குள்ள இல கீழ விழுந்த. நாந்தான் கூட்டி அள்ளிப் போட்டன்.”

முஸ்பிறா அப்படியே நின்றாள். கடித்துக்கொண்டிருந்த கையைச் சொறியவும் மறந்துபோனாள். ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் முழுக்கப் போன் எடுத்து, ஓட்டோ பிடித்து, கையைப் புண்ணாக்கி! பிறகு ஆத்திரம் போய் அந்தப் பழைய கேள்வி வந்தது. இந்த முறை அதைக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“அப்ப ஏன் ராத்தா?”

ஹாஜறா திருவலையை ஒதுக்கி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“ஏழு வீட்டுக்குப் போனம். நாலு வீட்ட எனக்கு ஒரே கத. என்ட கையப் புடிச்சிக்கிட்டு, ‘இந்த நெஞ்ச வெச்சிக்கிட்டுப் போறீங்க, அங்க மவுத்து வந்தாலும் என்ன ஒரு பாக்கியம்’ எண்டு. நல்ல மனசோடதான் சொல்றாங்க. நானும் ஓம், ஓம் எண்டன். வேற என்னத்தச் சொல்ற?” அவள் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு அந்தப் பாக்கியம் வேணா முஸ்பிறா. எனக்கு மவுத்துக்குப் பயம், சாகப் பயம். ஆஸ்பத்திரில அந்தப் பதினொரு நாளும் மூச்சு வராமக் கிடக்கக்குள்ள நான் எப்பிடிப் பயந்தன் எண்டு உனக்குத் தெரியா. எனக்கு கஃபாவப் பாக்கோணும். பாத்துட்டு வீட்ட வரோணும். றிப்திக்குப் பொண்ணு பாக்கோணும். இந்தக் குசினிக்கு ஒரு பெரிய யன்னல் வெக்கோணும். உம்றாவுக்குப் போறவள் இப்பிடிக் கதைச்சா, இவளுக்கென்ன ஈமான், நம்பிக்க இரிக்கி எண்டு கேக்க மாட்டாங்களா?”

“அதுக்கு...”

“ஊசி வேணாண்டா டொக்டர் துண்டு தரமாட்டாரு. மௌலவி கூட்டிப் போகமாட்டாரு. எனக்குப் பயமெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. ஊசியத்தான் குத்தம் சொல்லுவாங்க. உன்ட மச்சான்ட கை நல்லதுக்குப் பொங்கினது எண்டு நினைச்சன்.”

றிப்தி ஹாஜறாவின் ஒரே மகன், கட்டாரில் வேலை. அவனிடம்கூட அவள் இதைச் சொல்லியிருக்கமாட்டாள் என்று முஸ்பிறாவுக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்த நாலு வீட்டிலும் அவள் ராத்தாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். கொப்பியில் நேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் ராத்தாவுக்கு முன்னால் தரையில் குந்திக்கொண்டாள்.

“ராத்தா, டொக்டர் அந்த ஊசிய எதுக்குப் போடச் சொல்றாரு? போறதுக்கா? போறதுக்குப் பிளேன் இரிக்கி. ஊசி திரும்பி வாறதுக்கு.”

ஹாஜறா அவளைப் பார்த்தாள். வெளியே பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இரண்டு பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பாங்கு முடிந்ததும், “நோகுமா?” என்றாள் ஹாஜறா.

“நோகும். எனக்கு ஒண்டர நாள் நொந்திச்சு. காய்ச்சலும் வரலாம். வந்தா நான் பக்கத்தில இரிக்கன்.”

வியாழக்கிழமை நாலு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். வசந்தினி மிஸ் முதலில் ஹாஜறாவின் நெஞ்சுக் கதையெல்லாம் கேட்டு, டொக்டரையும் காட்டி, பிறகுதான் ஊசி போட்டார். போட்டு முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார். அந்த அரை மணியில் அப்துல் ஸமடின் கையைப் பார்த்துவிட்டு, “நான் என்ன சொன்னன்? ஒண்டும் பூசாதீங்க எண்டனா இல்லையா?” என்றார்.

“பூசல்ல மிஸ். கட்டினதுதானே” என்றார் அப்துல் ஸமட்.

மிஸ் களிம்பு போட்டுச் சுற்றும்போது யானைவெடி கொளுத்துகிற கை நடுங்கியது. ஸாஜித் அதைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் நல்லவன். திரும்பிப் போகும் வழியெல்லாம் சொல்லுவதற்காக வைத்திருந்தான்.

அன்று பின்னேரம் ஹாஜறாவுக்கு உடம்பு காய்ந்தது. மேல் உளைகிறது என்றாள். முஸ்பிறா மதில் கதவைத் திறந்தே வைத்துவிட்டு ராத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். இழுப்பு இல்லை. காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. இடது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் நொந்தது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மிச்சமாயிருந்த ஒரே ஒரு வீட்டுக்குப் பயணம் சொல்லப் போனார்கள். நிந்தவூரில் சித்தி லைலா சாச்சியின் வீடு. உம்மாவின் தங்கச்சி. வாய் நிறையப் பேசி, கை நிறையக் கொடுக்கிற மனுசி. உள்ளே பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டு, பொருந்தி, கட்டிப்பிடித்து, தேத்தண்ணியும் வந்தது.

சாச்சி ஹாஜறாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த நெஞ்சு நோவோட போறாய் மகள். அங்க ஒண்டு நடந்தாலும் கவலப்படாத. அந்த மண்ணில அடங்குறதெண்டா எவ்வளவு பெரிய பாக்கியம்!”

சுற்றியிருந்தவர்கள் ஓம் ஓம் என்றார்கள். ஹாஜறா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அது வேணா சாச்சி” என்றாள். “நான் திரும்பி வரோணும். துஆ செய்யிறண்டா அதக் கேளுங்க.”

முன் மண்டபத்தில் ஆண்கள் நெல் விலை கதைத்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. சித்தி லைலா சாச்சி வாயைத் திறந்தபடி ஹாஜறாவைப் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது.

“அல்லாஹ்வே, நான் என்ன கத கதைச்சிட்டன்” என்று சொல்லி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் ஏந்தினாள். “யா அல்லாஹ், என்ட புள்ளையச் சுகமாக் கூட்டிப் போ. சுகமா எங்கட்டயே திருப்பித் தா.”

எல்லாரும் கை ஏந்தினார்கள். ஹாஜறாவின் வலது கை உடனே உயர்ந்தது. இடது கை மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையின் உயரத்துக்கு வந்து சேர்ந்தது. அது எவ்வளவு நோகும் என்று முஸ்பிறாவுக்குத் தெரியும். சாச்சியின் துஆ எப்போதும் நீளம். ஹாஜறா கடைசி வரைக்கும் அந்தக் கையை இறக்கவில்லை. ஒவ்வொரு ஆமீனையும் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.